பிள்ளை விருப்பப்படி படிக்கிற பள்ளி: பாம்பன் மதினிக்கு

அன்புள்ள மதினி,

சின்னவளை, பிள்ளை தன் விருப்பப்படி படிக்கிற அந்த மாற்றுப் பள்ளியில் சேர்க்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, "படின்னு சொல்லாத பள்ளிக்கூடம் எதுக்கு, சும்மா திரியவா?" என்று கோபப்பட்டீர்களாம். கோபம் நியாயம்தான். நம் கரையில் பள்ளியை விட்ட பையன் வல்லத்தில் ஏறுவதையும், பெண் கடல்பாசி எடுக்கப் போவதையும் பார்த்து வளர்ந்தவர் நீங்கள்.

ஆனால் இந்த மாதிரிப் பள்ளிகளில் வகுப்பும் உண்டு, விதியும் உண்டு. உதாரணத்துக்கு, 1921-இல் ஜெர்மனியில் தொடங்கிப் பிறகு இங்கிலாந்துக்கு மாறிய சம்மர்ஹில் பள்ளியில் வகுப்புக்கு வருவது பிள்ளையின் விருப்பம். அதே பள்ளியில் கூட்டம் போட்டுத்தான் விதி வைக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்தால் கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியருக்கு வேலையில்லை என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. கரையில் காயும் கஞ்சிப்பாசியைப் பார்த்து, "ஈரத்துல அவ்வளவு கனம், காஞ்சதும் எங்க போச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டால், உடனே தராசு வர வேண்டும். ஈர எடை, காய்ந்த எடை, எத்தனை பங்கு குறைந்தது என்று பின்னம் வந்துவிடும். வியாபாரியின் சீட்டைச் சரிபார்க்கப் பெருக்கல் வரும். மறுநாள் பிள்ளை பாசியை மறந்து நண்டுக்குத் தாவும். விட்டுப்போன பின்னத்தை நண்டில் எப்படிப் பிடிப்பது என்று ஆசிரியர் யோசித்து வைத்திருக்க வேண்டும். புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவதைவிட இது ரொம்பக் கஷ்டம், மதினி.

பணக்காரர் படிப்பு என்றும் சொன்னீர்களாம். கட்டணம் அதிகமான பள்ளிகள் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் 2007-இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் வந்த செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? பாயில் உட்கார்ந்து, அட்டை எடுத்து, பிள்ளை தன் வேகத்தில் படித்தது. அதுவும் இதற்குப் பக்கத்து எண்ணம்தான். பத்தாம் வகுப்புக் கவலையும் வேண்டாம். 14 வயது முடிந்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம்.

உங்கள் சந்தேகத்தை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். பலகை மட்டும் மாட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கவனிக்காத இடமாகவும் இருக்கலாம். சேர்க்கும் முன் ஒரு முழு நாள் போய் உட்காருங்கள். கணக்குப் பக்கமே வராத பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதி வைத்த நோட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்க வேண்டாம், அண்ணனிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்