ஒரே பேர், இரண்டு இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடியோ காலுக்கு வராமல் "சிக்னல் சரியில்லை" என்று நழுவியதெல்லாம் வலது கையில் மாவுக்கட்டு இருந்ததால்தான். மெடிக்கல் காலேஜ் பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அப்பாவையும் வாய் திறக்கவிடவில்லை. நேற்று கட்டைப் பிரித்தார்கள். முதல் வேலையாக உனக்குத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றி மழைக்குப் பாசி பிடித்திருந்தது. வழுக்கியதும் கையை ஊன்றிவிட்டேன். எழுந்து பார்த்தால், முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி, மணிக்கட்டின் மேல்பக்கம் மேடாக நின்றது. ஆஸ்பத்திரியில் இருந்த முப்பது வருஷத்தில் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன், காலிஸ் ஃப்ராக்சர் என்று, அதாவது பெருவிரல் பக்கத்து முன்கை எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறிந்திருக்கிறது என்று, உடனே தெரிந்துவிட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இப்படி விழுந்தால் முதலில் போவது அந்த எலும்புதான்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னேன். மோதிரம் வரவில்லை. தையல் நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் விட்டு, மீதி நூலை விரல்மேல் இடைவெளி இல்லாமல் சுற்றச் சொன்னேன். உள்பக்க நுனியை இழுத்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் நூல்மேல் ஏறி வெளியே வந்தது. வீங்கிய பிறகு என்றால் வெட்டித்தான் எடுக்கணும். நீயும் இதைப் பழகி வைத்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்துச் சேர்த்து, கட்டுப் போட்டார்கள். ஆனால் அந்தச் சின்ன டாக்டர் எக்ஸ்ரே படம் வரும்வரை என் கையைத் தொடவே இல்லை. விரலை அசைக்கச் சொல்லவில்லை, நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. எலும்பு முறிந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஏபிரகாம் காலிஸ் டப்ளினில் அறுவை மருத்துவர். இந்த முறிவைப் பற்றி அவர் எழுதியது 1814-ல். எக்ஸ்ரே வந்ததோ 1895-ல். மற்றவர்கள் சுளுக்கு என்றும் மூட்டு நழுவல் என்றும் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் கையால் பிடித்துப் பார்த்தே எலும்பு முறிவு என்று கண்டுபிடித்தார். இழுத்துப் பிடித்தால் கோணல் நேராகிறது, விட்டால் திரும்ப வருகிறது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

"பெரினியம் மண்டையில் ஏறவே மாட்டேங்குதும்மா" என்று போனில் அழுதாயே, இரண்டு தொடைக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பகுதியில் வரும் காலிஸ் ஃபேசியாவும் இவர் பேரில்தான். தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் இருக்கிற சவ்வு. படத்தை வைத்து மனப்பாடம் பண்ணாதே, நான் ஆபரேஷன் தியேட்டரில் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். சாரத்திலிருந்து சறுக்கி, இரண்டு காலுக்கும் நடுவில் குறுக்குக் கம்பு அடிக்க விழுந்தவர். மூத்திரக் குழாய் கிழிந்துவிட்டது. கசிந்த மூத்திரத்தால் விதைப்பை பூசணிக்காய் மாதிரி வீங்கி, அடிவயிறு வரை ஏறியிருந்தது. தொடையில் மட்டும் ஒன்றுமே இல்லை. பெரிய டாக்டர் என் விரலைப் பிடித்து அந்த எல்லையில் வைத்துக் காட்டினார். அந்தச் சவ்வு பக்கவாட்டில் இடுப்பெலும்போடும் தொடை உறையோடும் ஒட்டியிருக்கிறது, பின்னால் பெரினிய சவ்வின் ஓரத்தில் முடிகிறது. அதனால் தொடைக்கும் வழியில்லை, ஆசனவாய்ப் பக்கமும் வழியில்லை. மேலே மட்டும் அடிவயிற்றுச் சவ்வான ஸ்கார்ப்பா ஃபேசியாவாகத் தொடர்வதால் வயிற்றுப் பக்கம் திறந்து கிடக்கிறது. இது புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

காலிஸ் 1843-ல் இறந்தார். தன் கடைசி நோய் என்ன என்று உடலைத் திறந்து பார்க்கும்படி நண்பர் ராபர்ட் ஸ்மித்துக்கு முன்பே கடிதம் எழுதி வைத்திருந்தார். ஸ்மித் அப்படியே செய்தார். டிசெக்‌ஷன் மேஜையில் உடலை அறுத்துப் படிக்க நிற்கும்போது இதை நினைத்துக்கொள்.

எனக்கு இன்னும் துணி பிழிய முடியவில்லை. அப்பாதான் பிழிகிறார். வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டுகிறேன். பொங்கலுக்கு வரும்போது என் இரண்டு மணிக்கட்டையும் கட்டைவிரலால் தடவிப் பார். இடது கையில், பெருவிரல் பக்க எலும்பின் நுனி சுண்டுவிரல் பக்க நுனியைவிட ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். வலது கையில் எப்படி இருக்கிறது என்று நீயே சொல்லு. எக்ஸ்ரே படத்தை அதற்கப்புறம்தான் காட்டுவேன்.

அன்புடன்,
அம்மா