பாசி எடுப்பவர்களின் இடுப்புவலி

ஐயா,

பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களில் என் அம்மாவும் ஒருவர். இடுப்புவலிக்கு மாத்திரைதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி. அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்க்கிறதே, ஏன்? தொடுகையைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்புகள், வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன என்று மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-இல் விளக்கினார்கள். பின்னால் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை நிற்கிறது. இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கையால் அழுத்தி, நீவித் தளர்த்தினால் பலருக்குக் கொஞ்ச காலம் வலி குறைகிறது. அந்த இடைவெளியில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். (கால் மரத்தாலோ சிறுநீர் அடங்காவிட்டாலோ நீவக் கூடாது, உடனே மருத்துவமனை.)

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. எங்கள் ஊர்களுக்கு அதை மாலையில் அனுப்புங்கள். பகலில் பாசி எடுக்கும் பெண்கள் கடலில் இருப்பார்கள்.

– ஒரு வாசகர், பாம்பன்