புத்தகக் கணக்கு

சிங்கப்பூர்,
டிசம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

படித்த நூல்களை ஆண்டுக் கடைசியில் கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதி வைப்பீர்களே, அந்தப் பழக்கம் இங்கே என்னையும் தொற்றிக்கொண்டது. உங்கள் நோட்டில் ஆண்டுக்கு முப்பதுக்குக் குறையாது. என்னுடையதில் ஏழுதான் தேறின. கப்பல் பட்டறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்கு இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயிலேறி, விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்விடுவேன். தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் தமிழ் நூல்களுக்கு அங்கே தனி அடுக்குகளே இருக்கின்றன.

ஏழில் ஒன்றை அறுபதாம் பக்கத்தோடு மூடிவிட்டேன். அதையும் கணக்கில் சேர்த்ததற்கு நீங்கள் சிரிப்பீர்கள். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' என்னைக் கொஞ்சம் வெட்கப்படுத்தியது. ஆமந்துறைப் பரதவர்கள் கச்சான், வாடை என்று காற்றை அதன் பெயர் சொல்லி அழைத்துக் கட்டுமரம் ஏறுகிறார்கள்; நானோ தண்ணீர் வடித்த தளத்தில் நிற்கும் கப்பலின் அடிவயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு, கடல் வேலை செய்வதாக ஊரில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இந்த ஆண்டை நான் நினைவில் வைத்திருக்கப்போவது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்காகத்தான். நம் சிங்கம்புணரிக்காரர் என்று சொல்லி, நான் கல்லூரியில் படிக்கும்போது அதை நீங்கள் கையில் கொடுத்தீர்கள். இந்தோனேசியாவின் மேடான் நகரத் தெருப் பெயர்கள் வாயில் நுழையாமல் அப்போது பாதியில் வைத்துவிட்டேன். இப்போது இரண்டு முறை படித்தேன். வட்டிக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்களை அடுக்கியிருக்கும் முறையைப் படித்தபோது, எங்கள் பட்டறையில் தலைக்கவசத்தின் நிறத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவது நினைவுக்கு வந்தது. தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் பினாங்குக்குப் போகும்போது புயலில் சிக்கும் பகுதியை ரயிலில் படித்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். அதைவிட என்னை உலுக்கியது, இரண்டாம் உலகப் போருக்கு நடுவிலும் கதாநாயகன் பாண்டியன் தன் ஊரான சின்னமங்கலத்துச் சந்தையை நினைத்துக்கொள்ளும் இடங்கள்தான். ஊரில் இருந்து படித்தபோது அவை கதையை இழுத்தடிப்பதாகத் தோன்றின. இங்கே இரவில் கட்டிலில் படுத்தபடி நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

அந்த நாவலைத் திருப்பிக் கொடுத்த அன்று, நூலகத்திலிருந்து நடந்தே எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போனேன். பாண்டியன் சேர்ந்த இந்திய தேசிய இராணுவத்துக்கு 1945இல் அங்கே எழுப்பிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதே ஆண்டில் வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடத்தைக் குறிக்கும் பலகை ஒன்று 1995இல் வைக்கப்பட்டது. அதன் பக்கத்தில் நின்று இரண்டு பேர் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள், விரிகுடாவைப் பின்னணியாக வைத்து. பலகையை யாரும் படிக்கவில்லை. நானும் இந்த நாவலைப் படிக்காதிருந்தால் நின்றிருக்கமாட்டேன்.

1938இல் இந்தோனேசியாவுக்கு வேலைக்குப் போன சிங்காரம், போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டே நாவல்கள் எழுதினார். இரண்டும் கடலுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றியவை. திரும்பி வந்த பிறகும் அவர் முழுதாகத் திரும்பவில்லையோ என்று தோன்றுகிறது.

மற்றொரு நாவலான 'கடலுக்கு அப்பால்' இங்கே வேறொருவர் கையில் இருக்கிறது, பதிந்துவிட்டுக் காத்திருக்கிறேன். நம் வீட்டுப் பிரதியை அனுப்ப வேண்டாம், தபாலில் நைந்துவிடும். அதில் நீங்கள் பென்சிலால் கோடிட்ட இடங்கள் எவை என்று மட்டும் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்