மோனையைக் காது பிடிக்கட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மோனையை எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டிருக்கிறாய். எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

முதலில், இலக்கணப் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவை. 'முதலெழுத்து ஒன்றி வருவது மோனை' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால், அந்த நிமிடமே பிள்ளைகள் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு எழுத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மோனை காதுக்கான சங்கதி.

நான் 'யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை' என்றுதான் தொடங்குவேன். வேகமாகச் சொல்லச் சொல்ல நாக்கு புரளும், வகுப்பே சிரிக்கும். நாக்கு எங்கே இடறியது என்று கேட்டால் த, ச என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். செய்யுள் இலக்கணமான யாப்பிலும் சகரமும் தகரமும் ஒன்றுக்கொன்று மோனையாக வரும் உறவுதான், ஞ-ந, ம-வ போல. அதை அவர்களிடம் இப்போது சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து பாரதியின் பாப்பா பாட்டு. 'ஓடி விளையாடு பாப்பா, நீ ஓய்ந்திருக்க லாகாது பாப்பா' என்று பாடி, ஒரே மாதிரி தொடங்கும் இடத்தில் கைதட்டச் சொல். 'கூடி விளையாடு' வந்ததும் பார், 'குழந்தையை' என்ற இடத்தில் பாதிப் பேர் தட்டுவார்கள், பாதிப் பேர் தயங்குவார்கள். "கூ வேற, கு வேற டீச்சர்" என்று ஒரு குரலாவது வரும். அருமையான கேள்வி அது, அவசரப்பட்டு நீயே பதில் சொல்லிவிடாதே. பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டே கு, கூ, கொ, கோ சொல்லச் சொல். நாலுக்கும் உதடு குவியும். கி, கீ, கெ, கே சொன்னால் இதழ் விரியும். க, கா, கை, கௌ தொடங்கும்போது வாய் திறக்கும். பழைய இலக்கணக்காரர்கள் மோனைக்கு வகுத்த மூன்று குடும்பங்களும் பிள்ளைகளின் வாயிலேயே இருக்கின்றன! புத்தகத்தில் அட்டவணையாகப் பார்த்தால் மிரளும் பிள்ளை, இப்படிச் செய்து பார்த்தால் மறக்காது.

பிறகு குறளுக்குப் போ. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்று நாலு சீரிலும் கைதட்டல் விழும். 'நிற்க அதற்குத் தக' என்றதும் கை நின்றுவிடும். அந்த வித்தியாசத்தை அவர்கள் உணரட்டும். அப்புறம் முதல் சொல்லை மாற்றி, 'பயில்க கசடறக் கற்பவை' என்று நீயே படித்துக் காட்டு. பொருள் பெரிதாக மாறவில்லை, ஓசை சரிந்துவிட்டது. பத்துப் பாட்டில் அடிக்கோடு போடவைப்பதைவிட இந்த ஒரு மாற்றம் எனக்குப் பெரிது. புலவர் ஏன் இந்தச் சொல்லை எடுத்தார் என்ற யோசனை அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுப்பாடமாக, பெரியவர்கள் பேச்சில் வரும் ஜோடிச் சொற்களைப் பிடித்துவரச் சொல். காய்கனி, கள்ளம் கபடம், தோட்டம் துரவு எல்லாம் வரும். யாராவது 'அக்கம் பக்கம்', 'பட்டி தொட்டி' கொண்டுவந்தால் தப்பு என்று சொல்லிவிடாதே, பலகையின் மறுபக்கம் எழுதிவை. எதுகை தானாக வந்து உட்கார்ந்துவிட்டது! அப்போது பெயர்களைச் சொல்: மோனை முதலெழுத்து, எதுகை இரண்டாம் எழுத்து. மோ-மு, எ-இ என்று அந்த இரண்டு தொடருமே மோனையில் இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் அவகாசம் கொடு. மோனை எந்தெந்தச் சீரில் வருகிறது என்று பார்த்துப் பிரிக்கும் இணை, பொழிப்பு, ஒரூஉ என்ற வகையெல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தேர்வு வைத்தால் தாளில் வைக்காதே. நீ பாட்டைப் படி, அவர்கள் கை தூக்கட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளில் சிலருக்குக் காது அபாரம். வாசிப்பு வகுப்பில் தலைகுனிந்தே இருக்கும் பிள்ளை இந்தப் பாடத்தில் முதலில் கை தூக்குவதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துப்போகும். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிப் பாராட்டு.

உன் வகுப்பு பிடித்துவரும் ஜோடிச் சொற்களை அப்படியே எழுதி அனுப்பு, என் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி