எழுந்து நின்றால் கவிழும்

தண்டையார்பேட்டை
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மாலதி,

பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, சின்னவன் பத்தாவது, எனக்குப் பேப்பர் திருத்தும் வேலை. மிச்சமெல்லாம் படகு.

ஆமாம்டி, படகுதான். கடைசி வருஷப் பிள்ளைகள் புராஜெக்ட் என்றால் ரிச்சி தெருவில் ரெடிமேடாக வாங்கி வந்து மேஜையில் வைப்பார்கள். இந்த முறை எட்டடிப் படகு கட்டச் சொன்னேன். 6 மி.மீ. மரைன் பிளைவுட், விளிம்பில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுக்கு ரெசினும் ஃபைபர் மேட்டும். ஒருத்தியின் அப்பா காசிமேட்டில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்ப்பவர். அவர்தான் எங்கள் வாத்தியார்.

மதிய வெயிலில் ஒருவன் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டைத் தாராளமாக ஊற்றிவிட்டான். மேட்டில் தடவியது ஒழுங்காக இறுகியது. மக்கில் மிஞ்சியது மட்டும் சூடேறிப் புகைந்தது. "ஒரே ரெசின்தானே மிஸ்?" மெல்லிசாகப் பரவினால் சூடு வெளியே போய்விடும், மொத்தையாகக் கிடந்தால் உள்ளேயே தங்கி வினையை இன்னும் விரட்டும். இதை நான் சொல்லவில்லை, எப்போதும் கடைசி பெஞ்சில் இருக்கும் பெண் சொன்னாள்.

மிதப்புக் கணக்கு சுலபம். படகும் இரண்டு பேரும் 140 கிலோ, நீர்மட்டப் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர். ஒன்பது சென்டிமீட்டர் அமிழும். கடல் தண்ணீரில் இரண்டு மி.மீ. குறைவு. பிள்ளைகள் குதித்தார்கள். அந்த அப்பா படகை ஒரு சுற்று சுற்றி வந்து, "மிதக்கும்மா. எழுந்து நின்னா கவுந்துடும், அகலம் பத்தாது" என்றார். டேப்பைத் தொடக்கூட இல்லை.

அப்புறம் கணக்குப் போட்டோம். மெட்டாசென்டர் என்று ஒரு புள்ளி, ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருந்தால் சாய்ந்த படகு நிமிரும், மேலே போனால் கவிழும். 70 செ.மீ. அகலத்துக்கு அது படகின் அடியிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வருகிறது. தரையில் உட்கார்ந்தால் மொத்த ஈர்ப்பு மையம் 23-இல், கவலை இல்லை. பலகை போட்டு உட்கார்ந்தால் 43, ஆட்டம் காணும். நின்றால் 78. குளியல்தான்.

இந்த மெட்டாசென்டரை 1746-இல் புத்தகமாகப் போட்ட பியர் பூகே, பூமியின் வடிவத்தை அளக்க ஆண்டிஸ் மலைக்குப் போன இடத்தில்தான் அதில் பெரும்பகுதியை எழுதினாராம். நம் வெர்னியர் சார் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் நான் விழித்திருப்பேன். நீ எப்படியும் தூங்கியிருப்பாய்.

இப்போதுதான் வயிற்றெரிச்சல். படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாதாம், வாசலில் சந்தன மாலை போட்டு நிறுத்த வேண்டுமாம், மேலிடத்து உத்தரவு. பயம் புரிகிறது, யார் பிள்ளையோ. ஆனால் கடலுக்கே போய்வருகிற வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தை நானே வேண்டாம் என்றுவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த இடம், சாம்பல் சேறு வேறு.

அதனால் கேட்கிறேன், பொன்னேரியில் உன் மாமனாரின் மீன் குட்டையை ஒரு நாள் கொடுப்பாரா? இடுப்பளவு ஆழம் போதும். லைஃப் ஜாக்கெட் காசிமேட்டிலிருந்து வரும், பெற்றோர் கையெழுத்தையும் மேலிடத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். மணல் மூட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி, தூக்குக்குண்டு எவ்வளவு சாய்கிறது என்று அளந்தால் கணக்கு சரியா என்று தெரிந்துவிடும். நிற்கும் பரிசோதனைக்கு உன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பார். நீச்சல் தெரியும் என்று கல்யாணத்தன்றே அளந்தாரே.

மாமாவிடம் பேசிவிட்டுப் போன் போடு, ராத்திரி ஒன்பதுக்கு மேல்.

உன்,
விஜி