நூலகரைக் கேட்டிருந்தா ரெண்டு மாசம் மிச்சமாயிருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர்ல ஸ்கூல் டீச்சர், பார்ட் டைமா பிஎச்டி பண்றேன். தலைப்பு நம்ம ஊர் குண்டு கிராமங்கள். 1690ல இங்கிலீஷ் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டைய மராத்தியர்கிட்டேர்ந்து வாங்கினப்ப, பீரங்கி சுட்டு குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் சேத்து எடுத்துக்கிட்டாங்களே, அந்த ஊருங்கதான். எங்க ஆயா சொல்லி சின்ன வயசுலேர்ந்து கேட்ட கதை.

ஆனா ஆதாரம் வேணுமே. ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தேவனாம்பட்டினத்த எத்தனை ஸ்பெல்லிங்ல அடிக்க முடியுமோ அத்தனையிலயும் அடிச்சுப் பாத்தேன், உருப்படியா ஒண்ணும் வரல. கடைசியில ஒரு சனிக்கிழமை பாண்டி பஸ் ஸ்டாண்டுல பஸ் மாறி காலாப்பட்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன், அங்க ஆனந்தரங்கப் பிள்ளை பேர்ல இருக்குற நூலகத்துல நூலகர் ஒருத்தர்கிட்ட தயங்கித் தயங்கி "கடலூர் வரலாறு வேணும் சார்"னு கேட்டேன். அவரு உடனே புத்தகம் எடுத்துத் தரல. "எந்த வருஷத்துக்கும்மா? யாரு எழுதி வச்சது வேணும், கம்பெனிக்காரனா, பிரெஞ்சுக்காரனா, ஊர்க்காரங்களா?"ன்னு திருப்பிக் கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அப்புறம் ஒரு துண்டுச் சீட்டுல இங்கிலீஷ்ல "டெக்னபட்டம்"னு எழுதிக் குடுத்தாரு. கம்பெனிக்காரங்க நம்ம தேவனாம்பட்டினத்த அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க! அத அடிச்சதும் அச்சான பழைய ரெக்கார்டுங்க வரிசையா வந்து நின்னுச்சு. பிரெஞ்சுக்காரங்ககிட்ட துபாஷியா (மொழிபெயர்ப்பாளரா) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோட டைரியையும் பாருங்க, பிரெஞ்சு கவர்னர் டூப்ளே நம்ம கோட்டைய பிடிக்கப் பாத்த காலமெல்லாம் அதுல வரும்னாரு, அச்சாகாதது எதுவும் வேணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகத்துல எப்படிக் கேக்கணும்னும் சொல்லிக் குடுத்தாரு. மொத்தமே முக்கால் மணி நேரம்.

என்கூட படிக்கிற பாதிப் பேரு நூலகர்னா புத்தகத்துல தேதி சீல் குத்துறவருன்னுதான் நினைக்கிறாங்க. ஒரு தம்பி ஏஐ குடுத்த புத்தகப் பட்டியல வச்சுக்கிட்டு வாரக்கணக்கா அலைஞ்சிருக்கான், நூலகர்கிட்ட காட்டினப்பதான் தெரிஞ்சுது, அதுல மூணு புத்தகம் உலகத்துலயே கிடையாது. மனசு கஷ்டமாயிடுச்சு.

படிக்கிறவங்க நேரத்த மிச்சப்படுத்துன்னு 1931லயே நூலகத்துக்கு விதி எழுதினவரு எஸ்.ஆர்.ரங்கநாதன், நம்ம சிதம்பரத்துக்கு அந்தாண்ட இருக்குற சீர்காழிக்காரரு. அவரு பொறந்த ஆகஸ்ட் 12ஐ வருஷா வருஷம் நூலகர் தினம்னு கொண்டாடுறோம், மாலை போடுறோம். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜ்ல நூலகர் ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காச்சு, இன்னும் ஆள் போடல, பீரோ சாவி ஆபீஸ்ல தொங்குது, பசங்க கண்ணாடி வழியா புத்தக முதுகப் படிச்சுட்டுத் திரும்பி வருதுங்க.

கடலூர், புதுச்சேரி ரெண்டு பக்கமும் உயர்கல்வித் துறையில இருக்குறவங்ககிட்ட உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கிறேன். காலியா இருக்குற நூலகர் இடத்துக்கெல்லாம் ஆள் போடுங்க. பிஎச்டி சேந்த மொத மாசத்துலயே ஒவ்வொருத்தரையும் அவங்க தலைப்போட நூலகர் முன்னாடி ஒரு மணி நேரம் உக்கார வைங்க. சனி, ஞாயிறுலயும் அந்த நேரம் இருக்கணும், என்ன மாதிரி வேலைக்குப் போறவங்களுக்கு அன்னைக்குத்தான் வர முடியும்.

இப்படிக்கு,
ஒரு ஆசிரியை,
தேவனாம்பட்டினம், கடலூர்.