மூழ்கிய கப்பலை முதலில் காட்டு

அன்புள்ள மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் மாமனாரும் மாமியாரும் அடுத்த மாதம் ஸ்டாக்ஹோமுக்கு வருகிறார்கள் என்றும், அவர்களை எங்கெங்கே அழைத்துப்போகலாம் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். குடியிருப்பவள் நீயானாலும், நீயும் மாப்பிள்ளையும் அலுவலகம் போன பகல்களில் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக ஏறி இறங்கியவன் நான் என்பதால், சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். அரண்மனையையும் மகுடங்களையும் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். அவை எந்தத் தலைநகரத்திலும் உண்டு. தோற்றுப்போனதையும், வேண்டாமென்று தள்ளப்பட்டதையும் ஒளிக்காமல் நடுக்கூடத்தில் வைத்துக் காட்டுவதுதான் அந்த ஊரின் தனிச்சிறப்பு என்று எனக்குப் பட்டது.

ஆகவே 7ஆம் எண் டிராமில் யூர்கோர்டன் தீவுக்குப் போய் வாசா அருங்காட்சியகத்தில் தொடங்கு. 64 பீரங்கிகளோடு 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்ட வாசா என்ற அந்தப் போர்க்கப்பல், ஏறத்தாழ 1300 மீட்டர் போவதற்குள் காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து, வழியனுப்பக் கூடியிருந்த ஊரார் கண்ணெதிரிலேயே மூழ்கியது. மேலே இரண்டு அடுக்குப் பீரங்கித் தளங்கள் இருந்தும், அந்த எடைக்கு ஈடுகொடுக்கும் அகலம் அடிப்பகுதியில் இல்லை. இது முன்கூட்டியே தெரியாமலும் இல்லை: 30 ஆட்களைத் தளத்தின் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தபோது கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தளபதி சோதனையைத்தான் நிறுத்தினாரே தவிர, பயணத்தை நிறுத்தவில்லை, ஏனென்றால் போர்முனையிலிருந்த மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பிறகு விசாரணை நடந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை, கப்பலைக் கட்டத் தொடங்கிய தலைமைத் தச்சர் முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். அரசு வேலையில் காலம் தள்ளிய எனக்கு அந்த விசாரணையின் போக்கு புதிதாகத் தெரியவில்லை.

உப்பு குறைந்த பால்டிக் கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு பிழைக்காது என்பதால், 333 ஆண்டுகள் கழித்து 1961இல் தூக்கியபோதும் மரம் பெரும்பாலும் முழுதாகவே இருந்தது. காய்ந்தால் வெடித்துவிடும் என்று 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளின் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்களாம். உள்ளே வெளிச்சம் மங்கலாக இருக்கும்; சம்பந்தி அம்மாளின் கையை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். எல்லோரும் மேல்தளத்துக்குப் போய்ப் படம் எடுப்பார்கள். நீங்கள் முதலில் அடித்தளத்துக்குப் போய், மேலே எழும்பி நிற்கும் அந்த உடலை அண்ணாந்து பாருங்கள். அதன் பிறகு, மாலுமி ஒருவனின் பெட்டிக்குள் கிடைத்த கம்பளித் தொப்பியைத் தேடிப் பாருங்கள். எனக்குக் கப்பலைவிட அதனருகில்தான் அதிக நேரம் போயிற்று. அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளில் ஒன்றை ஆண் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மரபணுச் சோதனை அது ஒரு பெண் என்று காட்டியதும், 2023இல் அதையும் வெளிப்படையாக அறிவித்தார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் ஸ்கான்சென், 1891இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம், நல்ல இடந்தான் என்றாலும் மேடேற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம்.

இன்னொரு நாளை தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கு. அத்தனை கூடங்களையும் சுற்றி முடிக்க நினைக்காதே. இரண்டு ஓவியங்கள் போதும். மேல் படிக்கட்டுக் கூடத்தை நிறைத்திருக்கும் ஸ்வீடன் ஓவியர் கார்ல் லார்சனின் ‘மிட்வின்டர்புளூட்’ (நடுக்குளிர்காலப் பலி), பஞ்சம் நீங்க ஓர் அரசனைப் பலியிடப்போகும் காட்சி, 13 மீட்டருக்கும் மேற்பட்ட அகலமுடையது. அந்தச் சுவருக்கென்றே வரைந்து 1915இல் முடித்ததை அருங்காட்சியகம் ஏற்க மறுத்தது. மனமொடிந்த லார்சன் 1919இல் இறந்தார். ஓவியம் ஜப்பானியர் ஒருவரின் கைக்குப் போய், 1997இல் விலைகொடுத்து மீட்கப்பட்டு, மறுக்கப்பட்ட அதே சுவருக்கு வந்து சேர்ந்தது. மற்றொன்று, ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்துக்காக ரெம்ப்ராண்ட் வரைந்து, அங்கே சிறிது காலமே தொங்கித் திரும்பிவந்த ‘கிளாடியஸ் சிவிலிஸின் சதி’ என்ற படம். பெரும்பகுதியை அவரே வெட்டிவிட்டார்; எஞ்சியதே ஏறத்தாழ 3 மீட்டர் அகலம். சதியாலோசனைக்காக வாள்களைச் சேர்த்துச் சபதம் செய்யும் அந்தக் கூட்டத்தில், தலைவனின் குருட்டுக் கண்ணை மறைக்காமல் நேர்முகமாகவே தீட்டியிருக்கிறார். வெளிச்சம் மேசையிலிருந்தே எழுவதுபோல் இருக்கும். விளக்கு எங்கே என்று தேடிப் பார், தெரியாது.

சம்பந்தியார் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். அவருக்காகப் பழைய நகரத்தில் உள்ள நோபல் பரிசு அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1930இலும், அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1983இலும் பரிசு வாங்கியது அந்த ஊரில்தான் என்பதை அவருக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. கூடம் சிறியது, கூட்டமாகப் பள்ளிப்பிள்ளைகள் வந்துவிட்டால் நிற்க இடமிருக்காது, காலையிலேயே போய்விடுங்கள். பரிசு பெற்றவர்கள் அங்குள்ள காப்பிக்கடை நாற்காலிகளின் அடிப்பக்கத்தில் கையெழுத்திடுவது 2001 முதல் வழக்கம். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கச் சம்பந்தியார் கூச்சப்படுவார். நீயே கவிழ்த்துக் காட்டு.

அன்புடன்,
அப்பா